புதிய அந்துப்பூச்சிச் சிற்றினத்தை முறைப்படி விவரிப்பது எப்படி? தொடக்கநிலை ஆய்வாளருக்கான வழிகாட்டி

செதிலிறகிகள் வரிசையில் இதுவரை பெயரிடப்பட்டுள்ள ஏறத்தாழ 1,60,000 சிற்றினங்களில் வண்ணத்துப்பூச்சிகள் சுமார் 18,000 மட்டுமே. எஞ்சியவை அனைத்தும் அந்துப்பூச்சிகள். பெயர் பெறாத அந்துப்பூச்சிகள் இன்னும் ஏராளமாக இருப்பதால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து விளக்கேற்றி அமர்பவர் எவருக்கும் அப்படியொன்றைப் பார்க்கும் வாய்ப்பு உண்டு. ஆனால் பார்ப்பது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. அந்தப் பூச்சிக்கு, விலங்குப் பெயரிடலின் தொடக்கமாகக் கொள்ளப்படும் 1758-இலிருந்து இன்றுவரை யாரும், எந்த நாட்டிலும், எந்த மொழியிலும் பெயரிடவில்லை என்று காட்டுவதே பெரும்பகுதி. அந்த வேலை காட்டில் முடிவதில்லை. பழைய நூல்களுக்கும் அருங்காட்சியக மாதிரிகளுக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவில்தான் முடிகிறது. விலங்கியலோ பூச்சியியலோ படிக்கும் மாணவர்களையும், ஒளிப்பட ஆர்வத்தில் தொடங்கி அடுத்த படிக்கு வர விரும்புபவர்களையும் மனத்தில் கொண்டு, அந்த வேலையை அது நடைபெறும் வரிசையிலேயே கீழே விளக்குகிறேன்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி: யாருக்குப் புதியது?

அடையாளம் தெரியாத பூச்சி என்பதாலேயே ஒரு பூச்சி புதிய சிற்றினமாகிவிடாது. அது உங்களுக்கு மட்டும் புதியதாக இருக்கலாம். உங்கள் மாநிலத்துக்கோ நாட்டுக்கோ புதியதாக இருக்கலாம். அறிவியலுக்கே புதியதாகவும் இருக்கலாம். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்வதால்தான் செய்தித்தாள்களில் "புதிய பூச்சி கண்டுபிடிப்பு" என்ற தலைப்பு தேவைக்கு மேல் வருகிறது. மக்காச்சோளப் படைப்புழு 2018-இல் கர்நாடகத்தில் முதன்முதலாகப் பதிவானபோது அது இந்தியாவுக்குப் புதிய வருகை. ஆனால் ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா என்ற அந்தச் சிற்றினம் 1797-ஆம் ஆண்டே விவரிக்கப்பட்டுவிட்டது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் 2020-இல் பதிவான மிமியூசீமியா சிலோனிகா என்ற அந்துப்பூச்சியும் அப்படித்தான். இலங்கையின் திருகோணமலையிலிருந்து கிடைத்த மாதிரியை வைத்து ஜார்ஜ் ஹாம்ப்சன் 1893-இல் அதை விவரித்திருந்தார். இத்தகைய பரவல் பதிவுகளும் தனிக் கட்டுரையாக வெளியிடத் தக்கவையே. ஆகவே ஆய்வின் நடுவில் உங்கள் பூச்சிக்கு ஒரு பழைய பெயர் கிடைத்துவிட்டால் வேலை வீணாயிற்று என்று கருத வேண்டியதில்லை. கட்டுரையின் வகை மட்டுமே மாறுகிறது.

அனுமதியும் சேகரிப்பும்

காப்பகங்களிலும் காப்புக்காடுகளிலும் வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு பூச்சியைக்கூட எடுக்கக் கூடாது. இலங்கையில் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி தேவை. அனுமதி எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடும்படி நல்ல ஆய்விதழ்கள் கேட்கின்றன; பின்தேதியிட்டு அதைப் பெற முடியாது என்பதால் இதை முதல் வேலையாகவே கொள்ள வேண்டும். இந்தியாவின் பல்லுயிர்ச் சட்டம், 2002-இன் 39-ஆம் பிரிவின்படி, புதிய சிற்றினத்தைக் கண்டறிபவர் அதை இதற்கென அறிவிக்கப்பட்ட களஞ்சியத்துக்குத் தெரிவித்து, சான்று மாதிரிகளையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். விலங்குகளைப் பொறுத்தவரை கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனம் அத்தகைய களஞ்சியங்களுள் முதன்மையானது. சட்டத்தை நடைமுறைப்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. மாதிரிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப நேர்ந்தால் அதற்கான விதிகளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிவிடும் பழைய வழக்கம் இன்று சட்டச் சிக்கலில் முடியும்.

சேகரிப்பு நுட்பத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருப்பதால் இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். நிலவு இல்லாத, காற்று குறைந்த, சற்றே புழுக்கமான இரவுகளில் பாதரச ஆவி விளக்கோ புற ஊதா எல்.இ.டி. விளக்கோ வெள்ளைத் துணியின் முன் வைக்கப்பட்டால் பூச்சிகள் வந்து அமரும். முதலில் உயிருள்ள நிலையில், இயல்பாக அமர்ந்திருக்கும்போதே படம் எடுங்கள். இறந்த பின் இறகுகளின் பச்சை நிறம் மங்குவதும் அமரும் நிலை தெரியாமல் போவதும் இயல்பு. பிறகு தேவையான ஒருசில மாதிரிகளை மட்டும் எடுங்கள். மரபணுப் பகுப்பாய்வு செய்யும் எண்ணம் இருந்தால் எத்தில் அசிட்டேட் ஆவியில் கொல்வதைவிட உறைநிலையில் வைத்துக் கொல்வது நல்லது. மாதிரியை ஈரப்படுத்தி மென்மையாக்குவதற்கு முன்பே ஓரிரு கால்களைப் பிரித்து, சுத்த எத்தனாலில் தனியே வைத்துவிட வேண்டும்.

பெயர்ச்சீட்டைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நாடு, மாநிலம், மாவட்டம், இடம், அட்சரேகை தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், நாள், சேகரித்தவர், சேகரித்த முறை ஆகியவை அனைத்தும் அதே ஊசியில் குத்தப்பட்ட சிறு சீட்டில் இருக்க வேண்டும். நூறாண்டுக்கு முந்தைய பல மாதிரிகளின் சீட்டில் "நீலகிரி" என்றோ "குடகு" என்றோ மட்டும் இருப்பதால், அவை ஆயிரம் அடியில் பிடிபட்டவையா ஏழாயிரம் அடியில் பிடிபட்டவையா என்று தெரியாமல் இன்றைய ஆய்வாளர்கள் திண்டாடுகிறார்கள். அதே சிரமத்தை அடுத்த நூற்றாண்டுக்காரருக்கு நாம் விட்டுவைக்க வேண்டியதில்லை.

வகைப்பாட்டில் இடம் காணுதல்

பூச்சி எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று தெரியாமல் எந்தப் பழைய நூலைப் புரட்டுவது என்று முடிவு செய்ய முடியாது. இறகின் நிறமும் கோலமும் இதில் பெரிதும் ஏமாற்றுபவை. ஒரே மரப்பட்டையில் மறைந்திருக்கும் வெவ்வேறு குடும்பத்துப் பூச்சிகள் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே உடலமைப்பைப் பார்க்க வேண்டும். ஒலி உணரும் செவிப்பறை பின்மார்பில் இருந்தால் பூச்சி நாக்டுவாய்டியா பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. வயிற்றின் அடிப்பகுதியில் செவிப்பறையும், உறிஞ்சுகுழலின் அடியில் செதில்களும் சேர்ந்திருந்தால் அது பைரலாய்டியா. செவிப்பறை வயிற்றின் அடிப்பகுதியிலேயே இருந்து, உறிஞ்சுகுழலில் செதில் இல்லையென்றால் ஜியோமெட்ரிடே குடும்பத்தை முதலில் சோதிக்கலாம். அடுத்து முன்னிறகு, பின்னிறகு நரம்புகளின் அமைப்பு, இரண்டு இறகுகளையும் கோக்கும் முள், உணர்கொம்பின் வடிவம், உதட்டோரத்தில் நீளும் பால்ப் என்னும் உணர்நீட்சியின் வளைவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்ல வேண்டும். நரம்புகளைப் பார்க்க இறகின் அடிப்புறத்தில் ஒரு சொட்டு எத்தனால் விட்டால் போதும். செதில்கள் சற்று நேரம் ஒளி ஊடுருவும் நிலைக்கு வந்து, நரம்புகள் தெளிவாகத் தெரியும்.

இங்கே புதியவர்களைக் குழப்புவது, வகைப்பாடே மாறிக்கொண்டிருப்பது. ஹாம்ப்சன் காலத்து நூல்களில் ஆர்க்டியிடே, லைமான்ட்ரியிடே என்று தனித்தனிக் குடும்பங்களாக இருந்தவை, மூலக்கூறு ஆய்வுகளுக்குப் பின் எரிபிடே என்ற பெரிய குடும்பத்தின் துணைக்குடும்பங்களாக இன்று வைக்கப்படுகின்றன. அந்த நூல்களில் பைரலிடே என்ற ஒரே தலைப்பில் இருப்பவை இன்று பைரலிடே, கிராம்பிடே என்று இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன. வண்ணத்துப்பூச்சிகளே அந்துப்பூச்சிகளின் மரத்திலுள்ள ஒரு கிளைதான் என்பதும் இப்போது ஐயமின்றித் தெளிவாகிவிட்டது. ஆகவே பழைய நூலில் தேடும்போது இன்றைய குடும்பப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதிப் பெயர்கள் கண்ணில் படாமல் போகும். பெயரின் இறுதி எழுத்துகள் படிநிலையைக் காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: பெருங்குடும்பம் "ஆய்டியா" என்றும், குடும்பம் "இடே" என்றும், துணைக்குடும்பம் "இனே" என்றும், இனக்குழு "இனி" என்றும் முடியும்.

குடும்பம் தெரிந்தபின் பேரினத்துக்கு வரவேண்டும். பேரினத்தை உறுதிசெய்ய, அந்தப் பேரினத்தின் மாதிரிச் சிற்றினத்தோடு, அதாவது அப்பெயர் எந்தச் சிற்றினத்தின் மேல் நிற்கிறதோ அதனோடு, உங்கள் பூச்சியை ஒப்பிட வேண்டும். பொருந்தும் பேரினம் இல்லை என்று தோன்றினால் உடனே புதிய பேரினத்தை உருவாக்கிவிடும் ஆசை எழும்; முதல் கட்டுரையில் அந்த ஆசையைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து. பேரினத்தின் எல்லைகளை மாற்ற, அதன் எல்லாச் சிற்றினங்களையும், உறவான பேரினங்களையும் அறிந்திருக்க வேண்டும்.

பழைய பெயர்களைத் தேடுதல்

இதுவே இந்த வேலையின் உயிர்நிலை. தென்னிந்திய, இலங்கை அந்துப்பூச்சிகளைப் பொறுத்தவரை தேடலை மூன்று பெயர்களிலிருந்து தொடங்கலாம். ஃபிரெடெரிக் மூர் 1880 முதல் 1887 வரை இலங்கையின் செதிலிறகிகளைப் பற்றி மூன்று தொகுதிகளை வெளியிட்டார். நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து பூச்சிகளின் பக்கம் திரும்பிய ஹாம்ப்சன், நீலகிரி மாவட்ட அந்துப்பூச்சிகளைப் பற்றி 1891-இலும், இலங்கைப் பூச்சிகளைப் பற்றி 1893-இலும் எழுதியதோடு, பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் அந்துப்பூச்சிகளுக்கென நான்கு தொகுதிகளை 1892 முதல் 1896 வரை வெளியிட்டார். மூன்றாமவர் எட்வர்ட் மெய்ரிக். சிறு அந்துப்பூச்சிகளில் பல்லாயிரம் சிற்றினங்களுக்குப் பெயரிட்ட இவர், குடகிலிருந்தும் பீகாரின் பூசாவிலிருந்தும் தமக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளையும் விவரித்தார். இவர்களுடைய நூல்கள் பெரும்பாலும் பல்லுயிர்ப் பாரம்பரிய நூலகம் என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெயர்களை மட்டும் தேட, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் அட்டைக் குறிப்புகளை எண்மமாக்கி உருவாக்கிய செதிலிறகிப் பெயர் அட்டவணை உதவும். அதற்குப் பின் நூறாண்டுக் கட்டுரைகளைத் தேட வேண்டும்; சீனம், ஜப்பான், தாய்லாந்து, நேபாளம் ஆகிய நாடுகளின் ஆய்வுகளையும் விட்டுவிடக் கூடாது, ஏனெனில் நம் மலைகளில் உள்ள பல பேரினங்கள் இமயமலை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ளன.

பேரினத்தில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி என்று அட்டவணை ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள். பெயர், பெயரிட்ட ஆசிரியர், ஆண்டு, மூல மாதிரி (அந்தப் பெயர் எந்த மாதிரியின் மேல் நிற்கிறதோ அது) கிடைத்த இடம், அது இன்று இருக்கும் அருங்காட்சியகம், ஆணா பெண்ணா, இனப்பெருக்க உறுப்பு படமாக வெளியிடப்பட்டுள்ளதா, என் பூச்சியிலிருந்து எதில் வேறுபடுகிறது என்பவை அதன் பத்திகளாக அமையட்டும். வேறு பெயரின் கீழ் அடக்கப்பட்டுவிட்ட இணைப்பெயர்களையும் அட்டவணையில் சேர்க்க வேண்டும். உங்கள் பூச்சி, ஒரு நூற்றாண்டுக்கு முன் தவறாக இணைப்பெயராக்கப்பட்ட பழைய சிற்றினமாகவே இருக்கக்கூடும். அப்படியானால் புதுப்பெயர் வைக்காமல் பழைய பெயருக்கு மீண்டும் உயிர் கொடுக்க வேண்டும். அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருக்கும்வரை எழுதத் தொடங்காதீர்கள் என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. சற்றுக் கடுமையான விதிதான், ஆனாலும் அதைத் தளர்த்த இதுவரை காரணம் தோன்றவில்லை.

மூல மாதிரிகளை ஒப்பிட லண்டனுக்கே போக வேண்டுமோ என்று மலைக்க வேண்டாம். அருங்காட்சியகக் காப்பாளருக்கு முறையாக மின்னஞ்சல் எழுதி, எந்தச் சிற்றினத்தின் எந்தப் பகுதியின் படம் தேவை என்று துல்லியமாகக் கேட்டால் பல நேரங்களில் படங்கள் கிடைக்கும். மெய்ரிக்கைப் பொறுத்தவரை இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அவர் இனப்பெருக்க உறுப்புகளை அடிப்படையாகக் கொள்வதை ஏற்காதவர். கைலென்ஸில் தெரிந்த அளவே எழுதினார். நல்வேளையாக, லண்டனில் உள்ள அவருடைய மூல மாதிரிகள் பலவற்றை ஜே. எஃப். கேட்ஸ் கிளார்க் பிற்காலத்தில் ஆராய்ந்து, 1955 முதல் 1970 வரை எட்டுத் தொகுதிகளில் படங்களோடு வெளியிட்டார். மூல மாதிரி சிதைந்தோ தொலைந்தோ போயிருந்தால், அது கிடைத்த அதே இடத்தில் மீண்டும் சேகரித்து ஒப்பிடுவது அடுத்த சிறந்த வழி. ஹாம்ப்சனின் நீலகிரிப் பூச்சிகளுக்கு அந்த வாய்ப்பு நமக்குத்தான் மிக அருகில் இருக்கிறது.

இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்தல்

வெளித்தோற்றத்தில் வேறுபாடே தெரியாத இரண்டு சிற்றினங்கள் இனப்பெருக்க உறுப்பின் கடினப் பகுதிகளில் தெளிவாக வேறுபடுவது அந்துப்பூச்சிகளில் அடிக்கடி காணப்படுவது. எனவே இந்தப் பகுதி இல்லாத புதிய சிற்றின விவரிப்பை இன்று எந்தக் கவனமான ஆய்விதழும் ஏற்பதில்லை. வேலை பயமுறுத்துவதாகத் தோன்றினாலும் மிகச் சாதாரணமான பூச்சிகளில் பழகினால் விரைவில் கை வந்துவிடும். வீட்டு விளக்குக்கு வந்து இறந்து கிடப்பவையே பயிற்சிக்குப் போதும். அரிய மாதிரியில் முதல் பயிற்சி செய்யாதீர்கள்.

உலர்ந்த மாதிரியின் வயிற்றை மெதுவாக மேல்நோக்கித் தள்ளினால் அது மார்பிலிருந்து முறிந்து வரும். அதைப் பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். அல்லது சோதனைக்குழாயில் இட்டுக் கொதிநீரில் சிறிது நேரம் சூடாக்கலாம். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் அரித்துவிடும் என்பதால் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். தசைகள் கரைந்தபின் தண்ணீரில் அலசி, மெல்லிய தூரிகையால் செதில்களையும் உள்ளே எஞ்சியவற்றையும் நீக்க வேண்டும். ஆணில், எட்டாம் கண்டத்துக்குப் பின்னுள்ள மென்சவ்வை வெட்டி உறுப்புத் தொகுதியைத் தனியே எடுக்கலாம். பெண்ணில் ஏழாம் கண்டத்துக்கும் எட்டாம் கண்டத்துக்கும் இடையில் வெட்டும்போது, உள்ளே நீண்டிருக்கும் விந்துப்பை கிழியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளோரசால் பிளாக் சாயம் மென்சவ்வுகளைத் தெரியச் செய்யும்.

ஆணில் பார்க்க வேண்டியவை: மேலே கொக்கிபோல் நிற்கும் உன்கஸ், இரு பக்கமும் பற்றிக்கொள்ளும் வால்வாக்கள், நடுவிலுள்ள ஜக்ஸ்டா, தனியே உருவி எடுக்கக்கூடிய ஃபாலஸ் என்னும் புணர்குழல், அதனுள்ளிருந்து வெளியே புரட்டி எடுக்க வேண்டிய வெசிகா என்னும் மென்சவ்வுப் பை, அதன் மேலுள்ள முட்கள். பெண்ணில் முட்டையிடும் முனையின் மடல்கள், உட்புறம் நீளும் தண்டுகள், புணர்துளையின் விளிம்பு, விந்துப்பையின் வடிவம், பையின் சுவரிலுள்ள சிக்னம் என்னும் கடினத்தட்டு ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் யூபரால் பிசினில் பதிப்பதற்கு முன்பே பல கோணங்களிலிருந்து படமெடுத்து வையுங்கள். தகட்டில் அழுத்தியபின் உறுப்பின் இயல்பான வடிவம் மாறிவிடும், அப்படி மாறிய வடிவத்தைப் புதிய சிற்றினத்தின் அடையாளமாகக் கருதியவர்கள் உண்டு. தகட்டின் எண்ணை எழுதிய சீட்டு பூச்சியின் ஊசியிலும் இருக்க வேண்டும். கிடைத்த ஒரேயொரு மாதிரியில் தெரியும் வேறுபாட்டை நம்பி முடிவெடுக்காமல், அதே இடத்திலிருந்து கிடைக்கும் சில மாதிரிகளைப் பிரித்துப் பார்த்து, வேறுபாடு எல்லாவற்றிலும் ஒரே சீராக உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஆணும் பெண்ணும் முற்றிலும் வேறு தோற்றம் கொண்ட பூச்சிகள் பல என்பதை இதோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். ஓர்கியா பேரினத்தில் பெண்ணுக்குப் பறக்கத் தக்க இறகே கிடையாது. மழைக்காலத்திலும் வறண்ட காலத்திலும் நிறம் மாறுபவையும் உண்டு.

மரபணுக் குறியீடு: எவ்வளவு நம்பலாம்?

மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணுவில் 658 அடிமூலக் காரங்கள் கொண்ட துண்டைப் படித்து ஒப்பிடும் முறையை, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் பால் ஹீபெர்ட் குழுவினர் 2003-இல் முன்வைத்தனர். அந்தத் துண்டின் வரிசையைப் போல்ட், ஜென்பேங்க் ஆகிய தரவுத்தளங்களில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடலாம். இரண்டு மூன்று விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருந்தால் கவனிக்கத் தக்கது என்பது நடைமுறைக் கணக்கு மட்டுமே, விதி அன்று. வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர்த் தொற்று ஒரே சிற்றினத்துக்குள் குறியீட்டைப் பிரித்துக் காட்டக்கூடும். வெவ்வேறு சிற்றினங்களை ஒன்றாகவும் காட்டக்கூடும். தரவுத்தளத்தில் உள்ள பெயரே தவறாக இருப்பதும் அரிதன்று. தென்னிந்தியப் பூச்சிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு: நெருங்கிய உறவினங்களின் வரிசைகளே தரவுத்தளத்தில் இல்லாதபோது, எட்டு விழுக்காடு தொலைவில் ஆஸ்திரேலியப் பூச்சி ஒன்று "மிக நெருங்கியது" என்று வந்து நிற்கும். அதற்கு ஆய்வு மதிப்பே இல்லை.

உருவமும் மரபணுவும் எப்படிச் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதற்கு, பெயரால் மட்டும் பரபரப்பான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நியோபால்பா என்ற பேரினத்தை 1998-இல் பொவோல்னி உருவாக்கியபோது அதில் நியோனாட்டா என்ற ஒரே சிற்றினம் இருந்தது. கனடாவில் பணியாற்றிய வாஸ்ரிக் நசாரி அந்தப் பேரினத்தின் மாதிரிகளை மறு ஆய்வு செய்தபோது, டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் போஹார்ட் பூச்சியியல் அருங்காட்சியகத்திலிருந்து பெற்ற மாதிரிகளில் சில பொருந்தாமல் நின்றன. தலையின் மஞ்சள் கலந்த வெண்ணிறச் செதில்கள், இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு, மரபணுக் குறியீடு ஆகிய மூன்றும் ஒரே திசையைக் காட்டியதால் அவர் அதை 2017 ஜனவரியில் தனிச் சிற்றினமாக விவரித்து, அந்தச் செதில்கள் டொனால்ட் டிரம்ப்பின் தலைமுடியை ஒத்திருந்ததை வைத்து நியோபால்பா டொனால்ட்டிரம்பி என்று பெயரிட்டார். தென் கலிபோர்னியாவிலும் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவிலும் வாழும், ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான இறகு விரிவுடைய பூச்சி அது. ஊடகங்கள் பெயரோடு நின்றுவிட்டன. நமக்கு முக்கியமானது, அந்தப் பூச்சி அருங்காட்சியகப் பெட்டியில் இருந்தபடியே அடையாளம் காணப்பட்டது என்பதும், மூன்று தனித்தனிச் சான்றுகள் ஒத்துப்போகும்வரை பெயர் வைக்கப்படவில்லை என்பதும்தான்.

மூல மாதிரியைத் தேர்ந்து பெயர் வைத்தல்

விலங்குகளின் பெயரிடல், பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின்படி நடக்கிறது. 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள நான்காம் பதிப்பின்படி, புதிய சிற்றினத்துக்கு ஹோலோடைப் எனப்படும் ஒற்றை மூல மாதிரியையோ, கூட்டாகச் சில மூல மாதிரிகளையோ கட்டுரையில் வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். அது எந்தச் சேகரிப்பில், எந்த ஊரில் வைக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எப்போதும் ஒற்றை ஹோலோடைப்பையே தேர்ந்தெடுங்கள். கூட்டு மாதிரிகளில் இரண்டு சிற்றினங்கள் கலந்திருந்ததாகப் பிறகு தெரியவந்தால் தீராத சிக்கல் எழும். முழுமையாக உள்ள, உறுப்பு பிரித்துப் பார்க்கப்பட்ட, முடிந்தால் மரபணுக் குறியீடும் பெற்ற மாதிரியே ஹோலோடைப்பாகத் தகுந்தது. பெரும்பாலான குழுக்களில் ஆண் உறுப்பே அதிகம் ஒப்பிடப்பட்டிருப்பதால் ஆண் பூச்சி ஏற்றது. உங்களிடம் உள்ள மற்ற மாதிரிகளைப் பாராடைப்புகளாகப் பட்டியலிடலாம். சிவப்பு நிறச் சீட்டு ஹோலோடைப்பைக் குறிக்கும் மரபு. அதைச் சொந்த வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. பெயர் நிற்பது அந்த மாதிரியின் மேல் என்பதால், யார் வேண்டுமானாலும் வந்து சரிபார்க்கக்கூடிய பொதுச் சேகரிப்பில்தான் அது இருக்க வேண்டும்.

பெயரைப் பொறுத்தவரை விதிகள் கடினமல்ல. அதே பேரினத்தில் அந்தப் பெயர் முன்பே பயன்பட்டிருக்கக் கூடாது. இடப்பெயரிலிருந்து அமைத்தால் பேரினத்தின் இலக்கணப் பாலுக்கேற்ப "என்சிஸ்" அல்லது "என்சே" என்று முடியும். ஓர் ஆணின் பெயரானால் இறுதியில் "இ", பெண்ணின் பெயரானால் "ஏ" சேரும். தன் பெயரையே சூட்டிக்கொள்ள விதித்தொகுப்பு தடை விதிக்கவில்லை. ஆனாலும் அப்படிச் செய்பவரைத் துறை மதிப்பதில்லை. ஒரே ஒரு மலையில் கிடைத்த பூச்சிக்கு அந்த மலையின் பெயரைச் சூட்டினால், பின்னாளில் அது அஸ்ஸாம் வரை பரவியிருப்பது தெரிந்தாலும் பெயர் மாறாது என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு சிற்றினம் வேறு பேரினத்துக்கு மாற்றப்படும்போது ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் போகும். லின்னேயஸ் ஃபலேனா என்ற பேரினத்தில் வைத்த அட்லஸ் பூச்சி இன்று அட்டகஸ் பேரினத்தில் இருப்பதால்தான் அதன் பெயருக்குப் பின் லின்னேயஸும் 1758-உம் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகின்றன.

கட்டுரையை எழுதுதல்

கட்டுரையின் அமைப்பு ஏறத்தாழ எல்லா ஆய்விதழ்களிலும் ஒன்றுதான்: புதிய சிற்றினம் என்ற வெளிப்படையான அறிவிப்பு, மூல மாதிரிகளின் பட்டியல், வேறுபாட்டுக் குறிப்பு, முழு விவரிப்பு, பெயர்க்காரணம், பரவல், வாழிடமும் உணவுத் தாவரமும், இறுதியாக விவாதம். இவற்றுள் எழுத்தாளரின் தகுதியைக் காட்டுவது வேறுபாட்டுக் குறிப்புதான். மற்றவற்றிலிருந்து பிரித்தறியும் பண்புகளைச் சொல்லும் விவரிப்போ வரையறையோ இல்லாத பெயர், 1930-க்குப் பின் வெளியானதாயின் செல்லாது.

முழு விவரிப்பு தலையிலிருந்து வயிற்றின் நுனிவரை பூச்சியைச் சொல்கிறது. வேறுபாட்டுக் குறிப்போ, நெருங்கிய உறவினங்களிலிருந்து இதை எப்படிப் பிரித்தறிவது என்பதை மட்டும் சொல்ல வேண்டும். "முன்னிறகு பழுப்பு, பின்னிறகு வெளிர் நிறம், பிற சிற்றினங்களிலிருந்து எளிதில் வேறுபடுகிறது" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. மாறாக, கற்பனையாக ஒன்று சொல்வதானால், "இச்சிற்றினத்தின் வால்வா நுனி இரண்டாகப் பிளந்துள்ளது, நெருங்கிய உறவினத்தில் அது பிளவின்றி வட்டமானது, வெசிகாவில் ஒரே நீண்ட முள் உள்ளது, உறவினத்தில் சிறு முட்கள் கொத்தாக உள்ளன" என்று எழுதினால், அடுத்த ஆய்வாளர் தம் மாதிரியை எடுத்து ஒரு மணி நேரத்தில் சரிபார்த்துவிடுவார். ஒவ்வொரு பண்பையும் இரு பக்கத்திலும் சொல்ல வேண்டும். நீளத்தை "பெரியது, சிறியது" என்று சொல்லாமல் மில்லிமீட்டரில், அளந்த மாதிரிகளின் எண்ணிக்கையோடு கொடுங்கள். மேற்புறம், கீழ்ப்புறம், உறுப்புகள் ஆகிய எல்லாப் படங்களிலும் அளவுக்கோடு இருக்கட்டும். ஹோலோடைப்பின் சீட்டுகளையும் படமாகச் சேர்ப்பது நல்ல வழக்கம்.

வெளியீடும் அதற்குப் பின்னும்

சமூக ஊடகப் பதிவோ மாநாட்டுச் சுருக்கமோ செய்தியாளர் குறிப்போ ஒரு பெயரை நிலைநிறுத்தாது. அச்சில் வராமல் இணையத்தில் மட்டும் வெளியாகும் ஆய்விதழானால், விதித்தொகுப்பில் 2012 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, வெளியாவதற்கு முன்பே அந்தக் கட்டுரை ஜூபேங்க் என்னும் விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கான சான்றும் வெளியான நாளும் கட்டுரையிலேயே இருக்க வேண்டும். ஜூகீஸ், ஜூடாக்ஸா, கோவையிலிருந்து வெளிவரும் ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்டு டாக்ஸா போன்றவை இந்த நடைமுறையை அறிந்தவை. பணம் வாங்கிக்கொண்டு மதிப்பாய்வு இல்லாமல் வெளியிடும் இதழ்களில் போட்டால் பெயர் விதிப்படி செல்லுபடியாகக்கூடும் என்பதுதான் அதிலுள்ள ஆபத்து. குறையுள்ள விவரிப்பையும் துறை நிரந்தரமாகச் சுமக்க வேண்டியிருக்கும். கட்டுரை வெளியாகும்வரை புதிய பெயரை உரையிலோ பதிவிலோ சொல்லாதீர்கள்.

வெளியானதும் ஹோலோடைப்பை உரிய களஞ்சியத்தில் சேர்த்து, பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ளுங்கள்; பாராடைப்புகளில் சிலவற்றை வேறொரு நிறுவனத்துக்குக் கொடுத்துவைத்தால் தீயோ பூஞ்சையோ ஒரே இடத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடாது. மரபணு வரிசைகளைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றி, அவற்றை மாதிரி எண்ணோடு இணைத்துவிடுங்கள். உங்கள் பெயர் ஒரு பழைய பெயரின் இணைப்பெயர் என்று யாரேனும் பின்னர் காட்டினால், முன்வந்த பெயரே நிற்கும். மறுக்கத் தக்க சான்று உங்களிடம் இருந்தால் அதை எழுதுங்கள், இல்லையெனில் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆணை மட்டும் வைத்து விவரித்திருந்தால், அதே இடத்தில் அதே பருவத்தில் தொடர்ந்து சேகரித்துப் பெண்ணை மரபணுக் குறியீட்டின் மூலம் இணைத்து, புழுவையும் உணவுத் தாவரத்தையும் வளர்த்துப் பார்த்து, அவற்றைத் துணைக் கட்டுரையாக வெளியிடுவதே அடுத்த வேலை.